செவப்பு தெரியக் கூடாது

பொடவைய ஒதுக்கிக்காத பாப்பா, ஒட்டாது. நேத்து அடிச்ச பெயிண்டு, காஞ்சி போச்சி. நெகத்துக்குள்ள போனதுதான் போவ மாட்டேங்குது. மண்ணெண்ணெயப் போட்டுத் தேச்சிப் பாத்துட்டன், சோப்பப் போட்டுத் தேச்சிப் பாத்துட்டன். வூட்டுக்கு அடிக்கல. டேக்டருக்கு. ஆமா, ஏரு ஓட்டற டேக்டருக்குத்தான். நாந்தான் அடிச்சன். நாந்தான் ஓட்டவும் ஓட்டுறன். எதுக்கு அப்பிடிப் பாக்குற?

திட்டக்குடி வரைக்குமா போற? நல்லதாப் போச்சி, நானும் அங்கதான். வாராவாரம் ஞாயித்துக்கெழம விருத்தாசலத்துல இந்த பஸ்ஸப் புடிச்சிடுவன். எம்மவ அங்க இருக்கா, எங்க நாத்தனா மங்கை வூட்ல. எழிலரசின்னு பேரு. பன்னண்டாவது படிக்கிறா. நல்லாப் படிப்பா. ஒரே மவ.

அவங்கப்பா இல்ல. மாசி மாசம் தவறிட்டாரு. கொளஞ்சின்னு சொன்னா எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வருசமா அந்த ஒரே டேக்டரு. பழைய வண்டியாத்தான் வாங்குனாரு. அதுலயே ஏரு ஓட்டுனாரு, அதுலயே மல்லாட்ட மூட்ட ஏத்துனாரு, கரும்பு ஏத்துனாரு. அதுலயே போயிட்டாரு. கரும்பு ஏத்துன டிரைலர இழுத்துக்கிட்டு எங்க ஊரு ஏரிக்கர மேல ஏறும்போது முன்னாடி சக்கரம் ரெண்டும் மேல தூக்கிருச்சி. அப்பிடியே பின்னால மல்லாந்து அவரு மேலயே வுழுந்துருச்சி. ஆசுபத்திரிக்கெல்லாம் தூக்கிக்கிட்டுப் போவல. தூக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பாப்பா.

யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாது. வெட்டுன கரும்பு ஆலைக்குப் போய்த்தான ஆவணும்? வெயில்ல கெடந்தா சருகாயிடுமே. யாரும் அவரப் புடிச்சித் தள்ளல. அவராத்தான் ஏறுனாரு, அவராத்தான் ஓட்டுனாரு.

வண்டிய நிமித்தி, ராயப்பன்னு ஒரு மெக்கானிக்கு, அவரு வந்து ஸ்டீரிங்க நேராக்கி, பொகைபோக்கி மாத்தி, ஓடற மாதிரி பண்ணிக் குடுத்தாரு. எங்க வூட்டுப் பின்னால வேப்பமரத்தடியில கொண்டாந்து வுட்டாங்க. வுட்டதுதான். பங்குனி போச்சி, சித்திர போச்சி, வைகாசி போச்சி. ஒருத்தரு கூப்புடல.

சும்மா சொல்லல பாப்பா, ஒருத்தருகூட. முன்னல்லாம் வெடியக்காலத்துல வாசல்ல வந்து நிப்பாங்க. "கொளஞ்சி, எங்க கொல்லைய ஓட்டிக் குடுத்துட்டு அப்பறமா அவன் கொல்லைக்குப் போ"ன்னு சண்ட போட்டுப்பாங்க. இப்ப எங்க வூட்டத் தாண்டிப் போறப்ப செருப்பப் பாத்துக்கிட்டுப் போறாங்க. நானே எறங்கிப் போயி கேட்டன். வெக்கத்த வுட்டுட்டுக் கேட்டன். தெக்குத் தெருவுல தங்கராசுன்னு ஒருத்தரு, எனக்கு அண்ணன் மொற வேணும். "அண்ணே, கோட ஒழவுக்கு நம்ம வண்டியச் சொல்லுங்கண்ணே"ன்னன். அவரு துண்ட எடுத்து தோள மாத்தித் தோள போடறாரு. "தப்பா நெனைக்காத தங்கச்சி. வூட்ல வேணாங்கறா. கொழந்த குட்டி இருக்கற எடம். ஆளக் கொன்ன வண்டி..." அதுக்கு மேல சொல்லல. சொல்லணுமா?

ஓட்டறதுக்கும் ஆளு வரல. ரெண்டு டிரைவருங்கிட்ட கேட்டன். ஒருத்தன் எம் பொண்டாட்டி முழுவாம இருக்கான்னான். இன்னொருத்தன் வர்றன்னு சொல்லிட்டு வரவே இல்ல.

வித்துத் தொலைன்னு மங்கை சொன்னா. காயலாங்கடைக்காரன் வந்து சுத்திச் சுத்திப் பாத்தான். நான் குடுக்கல. எம் புருசனத் தின்ன வண்டி, எம் பொண்ணுக்காவது சோறு போடாம போவுதா பாத்துடுறன்னு ஒரு வெறி.

எழிலு இருக்காளே, எழவு வூட்ல அழுதவதான். காரியம் முடிஞ்சி மறுநாள்லேருந்து எங்கிட்ட பேசறத நிறுத்திட்டா. சோறு வெச்சா திம்பா. தட்டக் கழுவி வெப்பா. பள்ளிக்கூடம் போவா, வருவா. பேச்சு மட்டும் கெடையாது. "எழிலு, தல வாரி வுடவா?" பதிலு இல்ல. "பரீச்ச எப்பிடி எழுதுன?" பதிலு இல்ல. ஒரே வூட்ல ரெண்டு பேரு பாப்பா. செவுத்தோட பேசற மாதிரி நாலு மாசம்.

எனக்கு வெளங்கிப் போச்சி. வண்டிதான். பின்பக்கக் கதவத் தொறந்தா அந்த வண்டிதான் மூஞ்சியில அடிக்குது. அவ பின்பக்கமே போறதில்ல. துணி காயப் போடணும்னாகூட முன்பக்கமா வந்து, சுத்திக்கிட்டு, வேலி ஓரமா நின்னு போட்டுட்டுப் போவா. அப்பனக் கொன்ன வண்டிய நெதம் பாத்தா எந்தப் பொண்ணுக்குத்தான் வாயி வரும்?

ஆனி மாசம் ஒரு நாளு தண்ணிக் கொழாய்க்கிட்ட நிக்கிறன். ஒரு சின்னக் கொழந்த, மூணு வயசு இருக்கும், அதுங்கம்மா இடுப்புல ஒக்காந்துக்கிட்டு எங்க வூட்டுப் பக்கமா வெரல நீட்டுது. "அம்மா, செவப்புப் பேயி." அவ சட்டுனு அதும் வாயப் பொத்துனா. எங்கிட்ட சிரிச்சி மழுப்புறா. நான் கொடத்த அங்கயே வெச்சிட்டு வந்துட்டன். வூட்டுக்கு வந்து வண்டிய நல்லாப் பாத்தன். செவப்பு. ஆமா, செவப்புதான். இத்தன வருசமா எனக்கு அது செவப்பாவே தெரிஞ்சதில்ல, வண்டியாத்தான் தெரிஞ்சது. ஊருக்கு அந்தச் செவப்புதான் கண்ணக் குத்துது. அன்னிக்கு முடிவு பண்ணிட்டன். செவப்பு போவணும்.

மறுநாளே விருத்தாசலம் போயி பெயிண்டுக் கடையில கேட்டன். கடைக்காரரு நல்ல மனுசன். "ஏம்மா, ஒழுங்காச் செய்யணும்னா பழச முழுசாச் சொரண்டி, துருவெல்லாம் எடுத்து, பிரைமர் குடுத்து, காய வுட்டு, மிசின் வெச்சி அடிக்கணும். பட்டறையில வுட்டா பத்து நாளாவும்"னாரு.

"அண்ணே, எனக்கு பத்து நாளு கெடையாது. ஆடி பொறக்குது. நானே பிரஸ்ஸுல அடிச்சிக்குறன். செலவு கம்மியா ஆவணும், சீக்கிரம் ஆவணும். செவப்பு தெரியக் கூடாது. அவ்ளோதான்."

"அப்ப நீலம் எடுத்துக்க. பள்ளிக்கூட சன்னலுக்குன்னு வாங்கிட்டு மிச்சத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க, சல்லிசாத் தர்றன். ஆனா உப்புத்தாளால நல்லாத் தேச்சிடு, இல்லன்னா மேல புடிக்காது. எழுத்து கிழுத்து இருந்தா இன்னும் அழுத்தித் தேய். இல்லன்னா எத்தன தடவ அடிச்சாலும் பொடச்சிக்கிட்டுத் தெரியும்"னாரு. பிரைமர் மட்டுமாவது வாங்கிக்கன்னாரு. வேணாம்னுட்டன்.

மூணு நாளு வேல பாப்பா. மொத நாளு கழுவுனன். சோப்புத்தூளக் கரைச்சி, தென்னநாரு வெச்சி. எத்தன வருசத்து அழுக்கு! கிரீசும் மண்ணும் சேந்து தார் மாதிரி இருக்கு, கரண்டிக் காம்பால நோண்டி நோண்டி எடுத்தன். ரெண்டாவது நாளு கம்பி பிரஸ்ஸு போட்டன், உப்புத்தாளு போட்டன். தோள்பட்ட வுட்டுப் போச்சி. ஊரே வேலிக்கு அந்தாண்ட நின்னு வேடிக்க பாக்குது. ஒருத்தி கேக்குறா, "நீலத்த அடிச்சிட்டா கொளஞ்சி வண்டி இல்லன்னு ஆயிடுமா?" நான் தேய்ச்சிக்கிட்டே இருந்தன்.

முன்மூக்குல, பானெட்டு மேல, மஞ்சப் பெயிண்டுல 'எழில்'னு எழுதியிருந்துச்சி. அது இவளே எழுதுனது. அஞ்சு வயசுல, மொத மொத பள்ளிக்கூடத்துல சேத்த வருசம். இவளத் தூக்கி பானெட்டு மேல குப்புறப் படுக்க வெச்சி, கையப் புடிச்சிக்கிட்டு அவங்கப்பா எழுத வெச்சாரு. எ கோணலா இருக்கும், ல் மேல புள்ளி நெல்லிக்கா பெருசுக்கு இருக்கும். போற எடமெல்லாம் "எம் மவ கையெழுத்து"ன்னு காட்டுவாரு. அதுவும் பழசுதான? ஊருக்கு அடையாளம் தெரியறதே அதாலதான. கடைக்காரரு சொன்ன மாதிரி அழுத்தித் தேய்ச்சன். தகரம் தெரியற வரைக்கும் தேய்ச்சன்.

மூணாவது நாளு பெயிண்டு. ஆனி மாசம்னா வேப்பம்பழம் கொட்டுமே. வண்டிய வெயிலுக்குத் தள்ள ஆளு இல்ல. அடிக்க அடிக்க மேல பழம் வுழுது, ஒட்டிக்குது. ஒரு கையில பிரஸ்ஸு, ஒரு கையில பழத்தப் பொறுக்குறது. காக்கா வேற. மட்காடு, பானெட்டு, சைடு தகரம், எல்லாம் அடிச்சன். ரிம்முக்கு வெள்ளி பெயிண்டு கொஞ்சம் இருந்துச்சி, அதக் குடுத்தன். ஸ்டீரிங்குக்கு மட்டும் அடிக்கல. எதுக்கு அடிக்கலன்னு கேக்காத. அடிக்கல.

சாயங்காலம் நாலர மணிக்கு முடிச்சிட்டன். தள்ளி நின்னு பாத்தன். அங்கங்க திட்டுத் திட்டாத்தான் இருந்துச்சி, ஆனா செவப்பு ஒரு பொட்டுகூட இல்ல. எனக்கு எப்பிடி இருந்துச்சின்னா, இனிமே எல்லாம் சரியாயிடும்னு. கூப்புடுவாங்க, ஓட்டுவன், இவ பேசுவா. அந்த நேரம் பாத்து இவ பள்ளிக்கூடம் வுட்டு வர்றா. "எழிலு, பின்னால வந்து பாருடி. வேற வண்டி மாதிரி இருக்கு!"

வந்தா பாப்பா. நாலு மாசத்துல மொத தடவையா பின்பக்கம் வந்தா. சுத்திப் பாக்கல, நேரா முன்மூக்குக்குப் போனா. கையால தொட்டா. வெரல்ல நீலம் ஒட்டிக்கிச்சி. கீழ மண்ணெண்ணெயில நனச்ச துணி கெடந்துச்சி, அத எடுத்து அந்த எடத்தத் தொடைக்கிறா. தொடைக்கிறா, தொடைக்கிறா. காயாத பெயிண்டு இல்லியா, வழிச்சிக்கிட்டு வருது. அடியில வெறுந்தகரம்.

"எங்க?"னா.

நாலு மாசம் கழிச்சி எம்மவ வாயத் தொறந்துட்டா. எனக்கு அதுதான் பாப்பா காதுல வுழுந்துச்சி. என்ன கேக்குறான்னு மண்டையில ஏறவே இல்ல. "என்னாடி எங்க? சொல்லுடி, சொல்லு"ன்னு சிரிச்சிக்கிட்டே கிட்ட போறன்.

"எங்க? நானும் அப்பாவும் எழுதுனது எங்க?"

"தேய்ச்சாதான் பெயிண்டு புடிக்கும்னு கடைக்காரரு..."

"எல்லாத்தையும் தேய்ச்சிட்டா சரியாப் போயிடுமா? நீ சொன்னது எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? நான் ரூம்புலதான் இருந்தன். அப்பா வேணாம்னுதான சொன்னாரு? பாரம் அதிகம், ரெண்டு நடையாப் போறன்னுதான சொன்னாரு? நீதான..."

கை நீண்டுருச்சி பாப்பா. எனக்கே தெரியாது. கையெல்லாம் பெயிண்டு. அவ கன்னத்துல அஞ்சு வெரலும் நீலமாப் பதிஞ்சி போச்சி. அவ அழுவல. அத தொடைக்கவும் இல்ல. உள்ள போனா, ரெண்டு துணிய அள்ளிப் பையில திணிச்சா, ரோட்டுக்குப் போயிட்டா. "எழிலு, மூஞ்சியக் கழுவிட்டாவது போடி"ன்னு பின்னாலயே ஓடுனன். அந்தக் கன்னத்தோடயே பஸ் ஏறிட்டா. பஸ்ஸு சன்னல்ல அந்த நீலக் கன்னம் தெரிஞ்சிது. அத்த வூட்டுக்குப் போனவதான். இப்ப அங்கேருந்தேதான் பள்ளிக்கூடம் போறா.

சின்னப் பொண்ணுதான. டிரைலரு தாங்கறதுக்கு மேல எல்லாருந்தான் கரும்பு ஏத்தறாங்க. அதெல்லாம் அவளுக்கு என்னா தெரியும்?

வூடு காலியாப் போச்சி. நான் ஒருத்தி, பின்னால நீல வண்டி. பத்து நாளு யாரும் வரல. அடுப்பு பத்த வெக்கவே தோணாது. ஒரு நாளு அந்த வண்டி மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு, இத அப்பிடியே ஏரிக்குள்ள வுட்டுட்டா என்னான்னு நெனச்சன். நெசமா. சாவியக்கூட போட்டுட்டன். பேட்டரி எறங்கிப் போயி கெடந்துச்சி, எந்திரிக்கல. அன்னிக்கு அது எந்திரிச்சிருந்தா இன்னிக்கு உம் பக்கத்துல நான் ஒக்காந்திருக்க மாட்டன்.

அப்பறம் ஆடி பத்து தேதிக்கு மழ பாரு. ரெண்டு நாளு நல்ல மழ. மூணாம் நாளு காலையில வாசல்ல ஒருத்தரு. கார்மேகம்னு, மேக்க ரெண்டு ஊரு தள்ளி. "ஏம்மா, வண்டி சும்மாவா நிக்குது? எங்க கொல்ல நாலு காணி ஓட்டணும். எங்கயும் டேக்டரு கெடைக்கல, ஈரம் போறதுக்குள்ள வெத போடணும்"னாரு. கொஞ்சம் நிறுத்தி, "இது கொளஞ்சி வண்டிதான? தெரியும், பரவால்ல"ன்னாரு. பாத்தியா, பேருக்கு அப்பிடிச் சொல்றாரு. செவப்பா நின்னிருந்தா அந்த மனுசன் வாசல்ல ஏறியிருப்பாரா? நீலம் அடிச்சதாலதான் வந்தாரு. அன்னிக்கு வந்தவருதான் மொதலு, அதுக்கப்பறம் நெதம் ஆளு. தங்கராசு அண்ணன்கூட வந்துட்டாரு, "தங்கச்சி, நாளைக்கி காலையில மொத ஏரு நம்ம கொல்லையில"ன்னு. எல்லாம் பெயிண்டுதான் பாப்பா. பிரைமர் குடுக்காததால பொரிஞ்சி பொரிஞ்சி உதிருது, அடியில செவப்பு எட்டிப் பாக்குது. அதான் சனிக்கெழமயானா ஒக்காந்து ஒட்டு போட்டுடுறன்.

டிரைவரு கெடைக்காம, பேட்டரிய சார்ஜு ஏத்தி நானே எடுத்துட்டன். கல்யாணமான புதுசுல அவரு கத்துக் குடுத்ததுதான், கொல்லைக்குள்ள ஓட்டுவன். ரோட்ல ஓட்டுனதில்ல. கார்மேகம் கொல்லைக்குப் போவணும்னா ஏரிக்கர மேல ஏறித்தான் போவணும். வேற வழி கெடையாது. டிரைலரு இல்ல, பின்னால கலப்ப மட்டுந்தான், முன்சக்கரம் தூக்காதுன்னு தெரியும். இருந்தாலும் அந்த எடம் வந்ததும் கிளச்ச மிதிச்சி நிறுத்திட்டன். எறங்கிடலாமான்னு பாத்தன்.

சொல்லிடுறன் பாப்பா. நீ யாரோ, நான் யாரோ. எம்மவ சொன்னது பொய்யில்ல. அன்னிக்குக் காலையில அவரு பாரத்தப் பாத்துட்டு, "விருத்தாம்பா, ஒசரமா ஏத்திட்டானுங்க. பாதிய எறக்கிட்டு ரெண்டு நடையாப் போறன்"னாரு. அதுக்கு நான் என்ன சொன்னன் தெரியுமா? "ஊருல எல்லாரும் ஏத்திக்கிட்டுத்தான் போறான், ஒனக்கு மட்டும் என்னா? பயமா இருந்தா எம் பொடவையக் கட்டிக்கிட்டு வூட்ல ஒக்காருய்யா, நான் ஓட்டிக்கிட்டுப் போறன்"னன். சிரிக்கல. மொறைக்கவும் இல்ல. துண்ட ஒதறித் தலையில கட்டிக்கிட்டு ஏறிட்டாரு. சோறு தின்னுட்டுப் போன்னுகூட நான் சொல்லல.

யாருகிட்டயும் சொல்லல இத. வாயில வெச்சிக்கிட்டே திரியறன். கார்மேகம் கொல்லைக்குப் போன அன்னிக்கு ஏரிக்கர மேல ஏறிக்கிட்டே, "ஓட்டிக்கிட்டுப் போறன்யா, பாரு, ஓட்டிக்கிட்டுத்தான் போறன்"னு கத்திக்கிட்டே போனன். எதுர ஆடு மேய்க்கிறவன் ஒதுங்கி நின்னான், பைத்தியம்னு நெனச்சிருப்பான்.

ஞாயித்துக்கெழமயில மங்கை வூட்டுக்குப் போவன். மொத ஆறு வாரம் இவ வெளியவே வரல. கொண்டு போன முறுக்க மங்கைகிட்ட குடுத்துட்டு, வாசல்லயே ஒக்காந்திருந்துட்டு, கடேசி பஸ்ஸுக்கு முன்ன வந்துடுவன். போன வாரந்தான் மங்கை வாய வெச்சிக்கிட்டு சும்மா இல்லாம, "உங்கம்மாவேதான் ஓட்டுதாம், ஏரிக்கர மேலெல்லாம் போவுதாம்"னு சொல்லிட்டா. உள்ளேருந்து வந்தா பாப்பா. கதவு நெலையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. எளச்சிப் போயிட்டா. என்னப் பாக்காம தரையப் பாத்துக்கிட்டு, "நீ அத ஓட்டாதம்மா. ஆளு போடு"ன்னா. அவ்ளோதான். உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. கை நடுங்குது அவளுக்கு, அவ்ளோ கோவம்.

வாரம் பூரா எனக்கு அதான். வெக்கம் பாப்பா அவளுக்கு. அம்மாக்காரி கைலிய சுத்திக்கிட்டு டேக்டரு ஓட்டறா, கூடப் படிக்கிற புள்ளைங்க சிரிக்கும். அதான் ஆளு போடுங்கறா. ஆளுக்கு நான் எங்க போவன்? ஊரே கேலி பேசினப்பகூட எனக்கு வலிக்கல. பெத்த புள்ள என்ன நெனச்சி வெக்கப்படறா பாரு, அதத்தான் தாங்க முடியல. இன்னிக்கு அதக் கேட்டுடலாம்னுதான் போறன். ஏன்டி, ஒன்னப் படிக்க வெக்கத்தான ஓட்டறன், ஒனக்கு என்னாடி வெக்கம்னு.

என்னா? என்னா சொன்ன?

வெக்கமில்லியா? பின்ன?

...பயமா? அவங்கப்பாவுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிடும்னா?

இரு பாப்பா, இரு. ஆரன் சத்தத்துல சரியாக் கேக்கல. கிட்ட வந்து இன்னொருக்கா சொல்லு.